மூத்தவளுக்கும் இளையவளுக்கும் முப்பத்தேழு வித்தியாசம்

நாற்பத்தொன்று. இந்த எண்ணை மறக்காதீர்கள். இரண்டு செயற்கைக்கோள்களும் அச்சு அசல் ஒன்றே, இம்மியளவும் வித்தியாசம் இல்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளின் எண்ணிக்கை அது. அந்த நாற்பத்தொரு பேரில் செயற்கைக்கோளைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை. தொடுவதென்றால் கையுறை மாட்ட வேண்டும், தொப்பி போட வேண்டும், மணிக்கட்டில் பட்டை கட்டித் தரையோடு இணைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துக்குப் பேனா போதும்.

தொட்டவர் ஒரு பெண். இருபத்தாறு வருடமாகக் கம்பி பற்றவைப்பவர். தொழிற்சாலையில் அவருக்குக் குறிப்பக்கா என்று பெயர். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் "பால் காய்ச்சியாகிவிட்டது, மறுபடி காய்ச்ச வேண்டாம்" என்று சீட்டு ஒட்டியிருக்கும். சாப்பாட்டு டப்பா மூடியில் "இது என்னுடையது. போன செவ்வாய்க்கிழமை எடுத்தவருக்கும் இது தெரியும்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எடுத்தது நான் இல்லை.

வேலை நடக்கும் கூடம் பெரியது, வெள்ளை, ஜன்னல் கிடையாது. தூசிக்கு அனுமதி இல்லை. நடுவில் இரண்டு மேசை. ஒன்றில் ஒரு செயற்கைக்கோள், மற்றதில் இன்னொன்று. ஒவ்வொன்றும் துணி துவைக்கும் இயந்திரம் அளவு இருக்கும். காகிதத்தில் அவற்றுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. வேலை செய்தவர்கள் மூத்தவள், இளையவள் என்றார்கள். முதலில் மேசைக்கு வந்தது மூத்தவள், அவ்வளவுதான் கணக்கு.

எதற்கு இரண்டு? குறிப்பக்காவின் கணவரும் இதைத்தான் கேட்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர்.

"ஏம்மா, ஒண்ணு பத்தாதா? ஒண்ணு கெட்டா இன்னொண்ணு ஸ்பேரா?"

"ஸ்பேர் இல்லங்க. ரெண்டும் சேர்ந்துதான் வேலை. உங்க பஸ்ஸையே எடுத்துக்குங்க. ஒருத்தர் தூங்கிட்டு வர்றாரு..."

"என் பஸ்ல எவனும் தூங்க முடியாது."

"கொஞ்சம் சொல்ல விடுங்க. ஒரு இடத்துல பஸ் தூக்கிப் போடுது, முழிச்சுக்கறாரு. அது வேகத்தடையா, குறுக்க ஓடின நாய்க்கு நீங்க பிரேக் போட்டதா? அவருக்கு எப்படித் தெரியும்?"

"என்னைக் கேட்டா சொல்லுவேன்."

"கேக்க முடியாது. ஓட்டுநரே கிடையாது. ஆனா ஒன்றரை நிமிஷம் பின்னால அதே வழியில இன்னொரு பஸ் வருது. அதுவும் அதே இடத்துல தூக்கிப் போட்டா வேகத்தடை. சும்மா போச்சுன்னா நாய்."

"இதுக்கா ராக்கெட்டு விடறீங்க? ரோட்டுல இறங்கிப் பாத்தாத் தெரியும்."

"அங்க ரோடு இல்லங்க."

விஞ்ஞானிகள் நூறு பக்கம் எழுதியதும் இதைத்தான். சூரியன் சும்மா இருப்பதில்லை. மின்னேற்றம் பெற்ற துகள்களை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் அவற்றை மறிக்கிறது. துருவங்களுக்குப் பக்கத்தில் அந்த மறிப்பு கொஞ்சம் பலவீனம், அங்கே உள்ளே நுழைகின்றன. புயல் பெரிதாக இருந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும், விமானத்தின் வானொலி ஊமையாகும், வழிகாட்டும் கருவி உங்களைக் குளத்துக்குள் இறங்கச் சொல்லும். இதற்கு விண்வெளி வானிலை என்று பெயர். ஒரு செயற்கைக்கோள் ஒரு குலுக்கலைப் பார்த்தால், அது அங்கேயே நிற்கும் ஒன்றா, அந்த நொடியில் வெடித்து மறைந்ததா என்று சொல்ல முடியாது. பின்னாலேயே இன்னொன்று வந்தால் சொல்லலாம். ஒரே நிபந்தனை: இரண்டும் ஒரே மாதிரி உணர வேண்டும்.

அதனால் கூடத்தில் ஒரு விதி இருந்தது. மூத்தவளுக்குச் செய்ததை அதே கையால், அதே கம்பிச் சுருளிலிருந்து, உடனே இளையவளுக்கும் செய்ய வேண்டும். மூத்தவளில் ஒருவர் ஆரம்பித்து இளையவளில் வேறொருவர் முடிக்கக் கூடாது. குறிப்பக்கா புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்: "தப்பு பண்ணாத. பண்ணினா ரெண்டுலயும் ஒரே தப்பா பண்ணு." அதிகாரிகள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அது நகைச்சுவை இல்லை, இயற்பியல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காந்தப்புலத்தை அளக்கும் சென்சார் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ஒரு மடக்குக் கையின் நுனியில் உட்காரும். மேலே போனதும் கை விரியும். இரண்டு சென்சாரும் பார்க்க ஒன்றுதான். ஆனால் குணம் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிசகிக் காட்டும். எவ்வளவு பிசகும் என்று அளந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த அட்டவணை கொடுத்திருந்தார்கள். மூத்தவளின் அட்டவணை, இளையவளின் அட்டவணை.

கையை விரித்துச் சோதித்த அன்று, மூத்தவளின் சென்சார் கம்பி இரண்டு சென்டிமீட்டர் குட்டை. விரித்தால் கொடிக்கயிறு மாதிரி விறைத்தது. இளையவளுடையது நீளம், தொங்கியது. குறிப்பக்கா தரம் பார்க்கும் அதிகாரியைக் கூப்பிட்டார்.

"சார், மூத்தவ கை கொஞ்சம் நீளம், இளையவ கை குட்டை. சென்சார் ரெண்டையும் மாத்திப் போட்டா கம்பி சரியா உக்காரும்."

"மாத்துங்க. எழுதிடுங்க. கையெழுத்து போடறேன்."

மாற்றினார். வேலைப் பதிவேட்டில் எழுதினார்: "மூத்தவளின் சென்சார் இளையவளுக்கும், இளையவளின் சென்சார் மூத்தவளுக்கும் மாற்றப்பட்டது. திருத்த அட்டவணைகளையும் மாற்றவும்." இரண்டாவது வாக்கியத்தின் கீழே இரண்டு கோடு. தரம் பார்ப்பவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். பிறகு அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பதவி உயர்ந்தால் ஞாபகம் இறங்கும், இதை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

பதிவேடு அலுவலகத்துக்குப் போனது. அங்கே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "அமைப்பில் மாற்றம் உண்டா?" பக்கத்தில் இரண்டு கட்டம்: உண்டு, இல்லை. எழுத்தர் குறிப்பைப் படித்தார், பாவம், அவர் ஒருவர்தான் படித்தார். மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். அங்கே நடந்த பேச்சு பின்னால் வெளியே வந்தது.

"சார், உண்டுன்னு போடவா?"

"என்ன மாறிச்சு?"

"சென்சார் சார். இதுல இருந்தது அதுல."

"ரெண்டும் ஒண்ணுதானே? சான்றிதழ் இருக்கே! ஒரே மாதிரி ரெண்டு சட்டைய ஆணில மாத்தி மாட்டினா சட்டை மாறிடுச்சுன்னு சொல்லுவீங்களா? இல்லைன்னு போடுங்க."

இல்லை என்று போட்டார்.

ராக்கெட் கிளம்பியது. மூத்தவள் முன்னால், இளையவள் தொண்ணூறு வினாடி பின்னால். கைகள் விரிந்தன, கம்பி விறைக்கவில்லை. தகவல் வந்தது. முதல் வாரத்திலேயே பெரிய செய்தி: மூத்தவள் கடந்த இடத்தை இளையவள் கடக்கும்போது காந்தப்புலம் முப்பத்தேழு நானோடெஸ்லா கூடியிருக்கிறது. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தின் மிகச் சின்ன அளவு. ஆனால் அந்தத் தொழிலில் முப்பத்தேழு சின்னதில்லை. ஒன்றரை நிமிடத்துக்குள் விண்வெளி இவ்வளவு மாறுகிறதா! இயக்குநர் வாசலில் பதாகை கட்டினார். படம் எடுத்தார்கள். படத்தில் முப்பது பேர், எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்.

மூன்றாவது வாரம் சூரியன் தூங்கியது. புயலும் இல்லை, காற்றும் இல்லை. அன்றும் முப்பத்தேழு. மறுநாளும் முப்பத்தேழு. தகவல் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று என்று கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கும், பெயரும் கண்ணாடியம்மாதான். அவர் இயக்குநரிடம் போய்ச் சொன்னார்: "சார், விண்வெளி இவ்வளவு ஒழுங்கா ஆபீசுக்கு வராது."

பதாகை இறங்கியது. குழு உட்கார்ந்தது. அதிகாரிகள் குழு கூடினால் தப்பு கீழே எங்காவது இருந்தாக வேண்டும். சான்றிதழ் சரி, அட்டவணை சரி, படிவம் சரி. மிஞ்சியது என்ன? பற்றவைப்பு. "மூத்தவளின் சென்சார் இணைப்பில் குறை இருக்கலாம்" என்று ஆரம்பித்தது, மூன்றாவது கூட்டத்தில் "இருக்கலாம்" உதிர்ந்துபோயிற்று. குறிப்பக்காவுக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. அன்றே அவருடைய முத்திரையை வாங்கிக்கொண்டார்கள்.

முத்திரை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். விண்ணுக்குப் போகும் பொருளில் கை வைக்கத் தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் விரல் நுனி அளவில் ஒரு பித்தளை முத்திரை. அதில் ஒரு எண். தான் முடித்த இணைப்புக்குப் பக்கத்தில் மையால் அதை ஒற்ற வேண்டும். குறிப்பக்காவின் எண் ஆறு. கூடத்தில் எண்தான் வயது. எந்த ஷிஃப்ட் வேண்டும் என்று எண் வரிசைப்படித்தான் கேட்பார்கள். முத்திரை இல்லாதவர் மேசைப் பக்கம் வரக் கூடாது. அவரை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். போன முதல் நாளே ஒவ்வொரு பெட்டியிலும் "இந்தப் பக்கம் மேலே" என்பதற்குக் கீழே "உண்மையிலேயே" என்று எழுதிவிட்டார்.

இயக்குநர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"அம்மா, உங்களுக்குக் கெடுதல் பண்ண எனக்கு ஆசையா? ராக்கெட் குலுக்கல்ல இணைப்பு விட்டிருக்கும்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. யார் மேலயும் தப்பு இல்ல. உங்க முத்திரைய நாளைக்கே வாங்கிக்கலாம்."

"மூத்தவ என்ன ஆவா சார்?"

"குறையுள்ளதுன்னு அறிவிச்சிடுவோம். இளையவள மட்டும் வெச்சு ஓட்டிக்கலாம்."

"இணைப்பு விடல சார். சென்சார் மாறியிருக்கு. பதிவேட்டுல எழுதியிருக்கேன். அட்டவணைய மாத்திப் போட்டா சரியாயிடும்."

"படிவத்துல மாற்றம் இல்லைன்னு இருக்கே."

"படிவம் நான் எழுதலயே சார்."

"நீங்க மாத்தினதுன்னு சொன்னா, அனுமதியில்லாம மாத்தினதா ஆயிடும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

அங்கிருந்து நேராகத் தொழிற்சங்க அறைக்கு வந்தார். நான் அப்போது செயலாளர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி இது," என்றேன். "இணைப்பு விட்டதுன்னு ஒத்துக்கிட்டா முத்திரை கிடைக்கும். மாத்தினேன்னு சொன்னா அடுத்த குற்றப்பத்திரிகை. கையெழுத்து போட்டவரு ஞாபகம் இல்லங்கறாரு. இருபத்தாறு வருஷம் போகும். வீட்டுல என்ன சொல்றாரு?"

"வர்ற வழியில போன்ல சொன்னேன். அவங்க கேக்கற சீட்ட என் பஸ்ஸுக்கு அடியில வைன்னாரு."

"விளையாடாதீங்க."

"விளையாடல. அந்த ஒரு வரிய எழுதினா மூத்தவ நொண்டின்னு ஆயிடும். அவ நொண்டி இல்ல. இவங்க அவளுக்கு இன்னொருத்தி கண்ணாடிய மாட்டிவிட்டுட்டு, கண்ணு தெரியலன்னு சொல்றாங்க. நான் மாத்தினேன், அது நெசம். விட்டுப்போச்சுங்கறது பொய். பொய்ய என் கையால எழுதச் சொல்றாங்க. என்கிட்ட வந்து எழுதச் சொல்றாங்க!"

இருபத்தாறு வருடம் சீட்டு எழுதியவரிடம் ஒரே ஒரு பொய்ச் சீட்டு கேட்டார்கள். அவர்கள் ஆளைத் தவறாக எடைபோட்டுவிட்டார்கள்.

விசாரணை ஒரு முற்பகல், இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் நடந்தது. நீண்ட மேசை, நடுவில் பிளாஸ்டிக் பூ. விசாரணை அதிகாரி மேசையின் தலைப்பக்கம், இயக்குநர் வலதுபுறம், நாங்கள் இருவரும் கதவுப் பக்கம். பதிவேட்டைக் கேட்டேன், கொண்டுவந்தார்கள். குறிப்பு இருந்தது, இரண்டு கோடும் இருந்தது, கீழே கையெழுத்தும் இருந்தது.

"இது நீங்களா எழுதினதுதானே?" என்றார் அதிகாரி. "கையெழுத்துக்கு மேல பின்னால கூட எழுதியிருக்கலாம். போட்டவருக்கே ஞாபகம் இல்லியே."

"சந்தேகம் எதுக்கு சார்?" என்றார் குறிப்பக்கா. "கண்ணாடியம்மா அடுத்த மாடியிலதான் இருக்காங்க. பழைய தகவல எடுத்து அட்டவணைய மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. வித்தியாசம் போகலைன்னா நான் பொய் சொல்றேன். வீட்டுக்குப் போறேன்."

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். விசாரணையில் யாரும் இப்படித் தன் கழுத்தை நீட்டக் கூடாது. வித்தியாசம் போனால் இடம் மாற்றியது நிரூபணம், போகாவிட்டால் பொய். இரண்டிலும் வேலை போகும். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

கண்ணாடியம்மா கணினியோடு வந்தார். மூத்தவளின் கோப்பில் இளையவளின் அட்டவணை, இளையவளின் கோப்பில் மூத்தவளின் அட்டவணை. ஒரு தேநீர் குடிக்கும் நேரம். எங்களுக்குத் தேநீர் தரவில்லை, அதிகாரிகள் குடித்ததை வைத்துச் சொல்கிறேன். முதல் நாள் தகவல், வித்தியாசம் அரை நானோடெஸ்லாவுக்கும் கீழே. இரண்டாம் நாள், அதுவும் கீழே. சூரியன் தூங்கிய வாரம் முழுக்கக் கோடு படுத்தே கிடந்தது.

கண்ணாடியம்மா கிட்டப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, எட்டப் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க சார். நாமதான்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. அவருக்கும் வேலை வேண்டும்.

விசாரணை அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி. முதல் குற்றச்சாட்டு போச்சு. ஆனா சென்சார இடம் மாத்தினது உறுதியாயிடுச்சு. அனுமதியில்லாத மாற்றம். இது அதவிடப் பெரிசு."

என் முறை வந்தது. முப்பது வருடத்தில் சங்க வேலை எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றுதான்: நிர்வாகத்தின் காகிதத்தை நிர்வாகத்தை விடக் கவனமாகப் படி.

"சார், அனுமதி எதுக்கு வேணும்?"

"மாற்றத்துக்கு."

"மாற்றம் நடந்துச்சா?"

"இப்பத்தானே பாத்தோம்!"

"உங்க படிவத்துல மாற்றம் இல்லைன்னு இருக்கு. ஏன்னா ரெண்டும் ஒண்ணுன்னு சான்றிதழ். ஒரே மாதிரி ரெண்டு சட்டைய மாத்தி மாட்டினா சட்டை மாறாது. இது நான் சொல்லல, உங்க அலுவலகம் சொன்னது. இப்ப இந்தம்மா மாற்றம் பண்ணினாங்கன்னு தீர்ப்பு எழுதணும்னா, ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு முதல்ல எழுதணும். எழுதுங்க. நாப்பத்தொரு பேரும் பொய்க் கையெழுத்து போட்டாங்கன்னு ஆகும். பதினேழாவது கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

சான்றிதழை அவர் முன்னால் நகர்த்தினேன். பார்த்தார். பதினேழாவது அவருடையது. முதலாவது இயக்குநருடையது. அந்த அறையில் பிளாஸ்டிக் பூ மட்டும் நிம்மதியாக இருந்தது.

தீர்ப்பு மூன்று நாளில் வந்தது. இவ்வளவு வேகத்தை நான் அந்த நிர்வாகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நிகழ்ந்தது மாற்றம் அல்ல. எனவே எவரும் பொறுப்பு அல்ல." மாற்றமே இல்லாத அந்த மாற்றத்துக்காக அட்டவணைகளை "வழக்கமான மேம்பாடு" என்ற தலைப்பில் மாற்றிப் போட்டார்கள். செயற்கைக்கோள்கள் பிழைத்தன.

இரண்டு மாதம் கழித்துச் சூரியன் நிஜமாகவே ஒரு அடி அடித்தது. மூத்தவள் ஒரு குலுக்கல் குலுங்கினாள். தொண்ணூறு வினாடி கழித்து இளையவள் வந்தாள். குறிப்பக்கா வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்:

"என்னம்மா, வேகத்தடையா, நாயா?"

"ரெண்டும்தாங்க. பெரிய மேடு ஒண்ணு அங்கேயே நிக்குது. அதுக்கு மேல நாய்ங்க ஓடுது."

"எங்க மூணாம் நம்பர் ரூட்டு மாதிரியே இருக்கே," என்றார். "இப்ப நம்பறேன்."

முத்திரை விஷயம் பாக்கி. குற்றம் இல்லை என்றால் மறுநாளே கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். ஆறாம் எண் ரத்துப் பட்டியலில் ஏறிவிட்டது என்றார்கள். ஏற்றுவதற்கு விதி இருக்கிறது, இறக்குவதற்கு இல்லை. இறக்கினால் ரத்து செய்தது தப்பு என்று ஆகும், தப்பு யாருடையது என்று கேள்வி வரும். அதனால் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். புதியவர்களுக்கான மூன்று நாள் பயிற்சிக்கும் போகச் சொன்னார்கள். நான் கொடி பிடிக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

"மூணாவதா ஒருத்தி மேசைக்கு வந்திருக்கா சார். ஒருத்தரும் அவ பக்கத்துல ஒரு சீட்டு எழுதி வெக்கல. நான் போகணும்."

பயிற்சிக்குப் போனார். நேற்றுச் சேர்ந்தவர்களோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். "பதிவேட்டில் குறிப்பு எழுதுவது எப்படி" என்று ஒரு மணி நேரப் பாடம் இருந்ததாம், அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார். தேர்வு எழுதினார், இருபத்தாறு வருடமாகச் செய்த இணைப்பை மறுபடி செய்து காட்டினார், தேறினார்.

திங்கட்கிழமை கூடத்துக்குத் திரும்பினார். தொப்பி, கையுறை, மணிக்கட்டுப் பட்டை. கையில் புதுப் பித்தளை. ஷிஃப்ட் கேட்கும் வரிசையில் கடைசி எண் அதுதான்.

ஐம்பத்தெட்டு.